தலைநகரில் கலை: சாலையோரத்துச் சிற்பங்களும் சுவர்களும்

இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ள பொருள் பெருநகரில் பொதுவிடக் கலை. பொதுவிடக் கலை என்ற சொற்றொடர் சற்றுப் புதியதாகத் தோன்றலாம். அது குறிக்கும் பொருள் நம் நாட்டிற்குப் புதியதன்று. கோயிற் கோபுரத்துச் சுதை உருவங்களைக் காண எவரும் நுழைவுச் சீட்டு வாங்கியதில்லை. தேர்ச் சிற்பங்களின் பொருளை ஊர்ப் பெரியவர் சிறுவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். அங்கே கலை மக்கள் நடமாடும் இடத்தில் இருந்தது. அதை இன்னவாறு காண வேண்டும் என்ற பழக்கமும் மக்களிடம் இருந்தது. நவீனப் பெருநகரத்திலும் முதலாவது ஓரளவு இருக்கிறது. இரண்டாவதுதான் இல்லை. புதுதில்லியை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது நன்கு விளங்கும்.

தில்லி பாராளுமன்றச் சாலை வழியே நாள்தோறும் அலுவலகம் செல்வோர் ஏராளம். அச்சாலையில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில் இருபுறமும் இரு கற்சிலைகள் நிற்கின்றன. ஒன்று ஆண், மற்றொன்று பெண். ஆணின் கைகளில் பற்சக்கரமும் பணப்பையும் உள்ளன. பெண்ணிடம் மலரும் நெற்கதிரும் உள்ளன. பேருந்திலிருந்து இறங்கி விரைவோரில் எத்தனை பேர் இவற்றை நிமிர்ந்து பார்க்கின்றனர் என்பது ஐயமே. ஆனால் இந்நாட்டின் தற்காலச் சிற்பக் கலையில் இவ்விரண்டும் தலையாய இடம் பெற்றவை.

விடுதலைக்குப் பின் அரசுக் கட்டடங்கள் பெருகிய காலத்தில், அவற்றின் செலவில் ஒரு சிறு பகுதியைச் சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற கருத்தைப் பிரதமர் நேரு ஊக்குவித்தார். ஏழை நாட்டிற்கு இது ஆடம்பரமல்லவா என்று கேட்கலாம். கட்டடம் எழுப்பத் தச்சருக்கும் கொத்தருக்கும் வேலை கிடைப்பதுபோல், கலைஞருக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்பது அக்கருத்தின் ஒரு பகுதி. மன்னரும் மிட்டாதாரரும் மறைந்த பின் கலையைப் புரக்கும் கடமை மக்களாட்சிக்கு வந்து சேர்ந்தது என்பது மற்றொரு பகுதி. லலித் கலா அகாதமியும் தேசிய நவீனக் கலைக் கூடமும் 1954ஆம் ஆண்டில் தோன்றியதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரிசர்வ் வங்கிச் சிலைகள் அந்தச் சூழலில் பிறந்தவை. வங்கிக்குச் சிலை என்றவுடன் ஒரு தலைவரின் மார்பளவு உருவத்தையோ, துலாக்கோல் ஏந்திய மேனாட்டுப் பெண் தெய்வத்தையோ அமைத்திருக்கலாம். சாந்திநிகேதனத்துச் சிற்பி ராம் கிங்கர் பைஜ் வேறொரு வழியை மேற்கொண்டார். செல்வத்தின் தலைவனாகிய குபேரன் யட்சர்களின் அரசன். செல்வத்தைக் காப்போர் யட்சரும் யட்சியரும். ஆகவே வங்கி வாயிலுக்கு அவர்களைவிடப் பொருத்தமான காவலர் யார்? மதுரா அருங்காட்சியகத்தில் உள்ள பார்க்கம் யட்சன் சிலை ஆண் உருவத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ள பேஸ்நகர் யட்சி பெண் உருவத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. ஈராயிரம் ஆண்டு மூத்த அவ்வடிவங்களில், தொழிலின் அடையாளமாகப் பற்சக்கரத்தையும் வேளாண்மையின் அடையாளமாகக் கதிரையும் சேர்த்தது சிற்பியின் துணிவு. சிவாலிக் மலைப்பகுதியின் மணற்கல் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தக்க கல்லைத் தேடுவதிலும், வெட்டுவதிலும், கொண்டுவந்து சேர்ப்பதிலும் ஆண்டுகள் கழிந்தன. 1950களின் நடுவில் தொடங்கிய முயற்சி 1960களின் பிற்பகுதியில்தான் நிறைவெய்தியது.

யட்சன், யட்சி என்னும் சொற்கள் தமிழர்க்கு அயலானவை அல்ல. இயக்கன், இயக்கி எனப் பழைய நூல்கள் இவர்களைச் சுட்டும். நெல்லை, குமரி மாவட்டங்களில் வயலோரத்து இசக்கியம்மன் கோயிலைக் கண்டவர்க்குத் தில்லியின் யட்சி உறவினளாகவே தோன்றுவாள். சிலையைக் காண்பதற்கு இத்தகைய ஒரு தொடர்பு மனத்தில் எழுந்தால் போதும். கல் பேசத் தொடங்கிவிடும்.

சிலை நிறுவப்பட்டதும் பாராட்டு மட்டும் வரவில்லை. பெண் உருவம் ஆடையின்றி இருப்பதைப் பற்றி மாநிலங்களவையிலும் வினா எழுந்தது. கோயில் தூண்களில் காணும்போது எழாத கூச்சம் வங்கி வாயிலில் எழுந்தது வியப்புத்தான். எனினும் அந்த வினாவை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடுவதும் முறையன்று. பொதுப்பணத்தில், பொதுவிடத்தில், எவரும் விலகிச் செல்ல முடியாதபடி வைக்கப்படும் ஒன்றைப் பற்றிப் பொதுமக்களின் பேராளர் வினவுவது இயல்பே. வினவியதால் சிலை அகற்றப்படவில்லை என்பதே கருதத்தக்கது. அது இன்றும் அங்கேயே நிற்கிறது.

இனி, குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தை ஒட்டி, சர்தார் படேல் சாலை முனையில் உள்ள சிற்பத் தொகுதியைக் காணலாம். தில்லி மக்கள் இதனை ‘கியாரா மூர்த்தி’, அதாவது பதினொரு உருவங்கள், என்பர். காந்தியடிகள் கோலூன்றி முன்செல்ல, பத்துப் பேர் பின்தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி அது. இதனைப் படைத்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. தமிழர்க்கு நன்கு அறிமுகமானவர். 1929 முதல் ஏறத்தாழ 28 ஆண்டுகள் சென்னை அரசு கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் அதே கடற்கரையின் காந்தி சிலையும் அவர் கைவண்ணமே. உழைப்பாளர் சிலையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முதுகும் தோளும் எவ்வாறு ஒரே விசையில் இயங்குகின்றனவோ, அவ்வாறே தில்லித் தொகுதியிலும் பதினொருவரும் ஒரே திசையில் சாய்கின்றனர். தனித்தனி உருவங்களாக நின்றாலும் அவர்களை ஓர் இழை பிணைத்திருப்பது கண்ணுக்குப் புலனாகும்.

ஒரு செய்தி. 1930 மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து காந்தியடிகளுடன் புறப்பட்ட தொண்டர் 78 பேர். அவர்களுள் பெண்கள் இல்லை. சிற்பி தம் தொகுதியில் பெண்களையும் சேர்த்திருக்கிறார். வரலாற்றுப் பிழை என்று இதனைக் கொள்ளலாமா? உப்பு அறப்போர் நாடெங்கும் பரவியபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் கலந்துகொண்டனர். சிற்பி ஒரு நாளின் நிகழ்ச்சியைப் படம் பிடிக்கவில்லை. ஓர் இயக்கம் முழுவதையும் பதினொரு உருவில் அடக்கியிருக்கிறார்.

இச்சிற்பத்தைப் பாராதவர் இந்நாட்டில் மிகச் சிலரே எனலாம். 2016 நவம்பரில் செல்லாததாக அறிவிக்கப்பட்ட பழைய 500 ரூபாய் நோட்டின் பின்புறத்தை அணி செய்தது இதே காட்சிதான். கோடிக்கணக்கான கைகள் மடித்தும் எண்ணியும் புழங்கிய அவ்வுருவின் சிற்பி யார் என்று அறிந்தவர் எத்தனை பேர்? நேரில் காண்பதும் எளிதன்று. வாகனங்கள் விரையும் சாலை முனையில், நின்று நோக்க இடமின்றி அது அமைந்துள்ளது. காரில் செல்வோருக்குச் சில விநாடிக் காட்சி. நடந்து செல்லும் மக்களைப் பற்றிய சிற்பத்தை நடந்து சென்று காண இயலாதது விந்தையிலும் விந்தை.

பொதுவிடச் சிலைகள் என்றும் நிலையானவை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியா கேட் அருகே உள்ள கல் மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை 1968இல் அகற்றப்பட்டு, நகரின் வடபுறத்துக் கொரோனேஷன் பூங்காவுக்குச் சென்றது. மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாகவே இருந்தது. அந்த வெறுமைதான் விடுதலையின் மிகச் சிறந்த சின்னம் என்று கருதியவர்களும் உண்டு. 2022 செப்டம்பர் 8ஆம் நாள் அங்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்டது. பம்பாயில் நடந்தது இதனினும் சுவையானது. ஏழாம் எட்வர்டு குதிரைமேல் வீற்றிருந்த சிலை 1965இல் பைகுல்லா விலங்குக் காட்சிச்சாலைப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. மன்னர் போனார், ‘காலா கோடா’, கருங்குதிரை, என்ற பெயர் மட்டும் அவ்வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. 2017இல் அங்கே மீண்டும் ஒரு கருங்குதிரை நிறுவப்பட்டது. இம்முறை அதன்மேல் எவரும் இல்லை. மக்கள் தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மன்னர்களை அகற்றியதற்கு மக்கள் உணர்ச்சி காரணம். ஆனால் எவ்விதக் காரணமும் கூறப்படாமல் ஒரு பெரும் கலைப்படைப்பு மறைந்த கதை தில்லியில் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

புதுதில்லியின் விஞ்ஞான் பவன் அனைத்துலக மாநாடுகளுக்கென 1950களில் எழுந்த மாளிகை. அதன் முன்கூடச் சுவருக்கு ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் படைக்குமாறு அமர்நாத் சேகல் என்னும் சிற்பியிடம் 1957இல் அரசு கேட்டுக்கொண்டது. ஐந்தாண்டுகள் உழைத்து 1962இல் அவர் அதனை முடித்தார். 140 அடி நீளம். 40 அடி உயர வீச்சு. கிராம இந்தியாவின் வாழ்வும் புதிய இந்தியாவின் எழுச்சியும் அதில் இடம் பெற்றன. உலகத் தலைவர்கள் பலர் அதன் முன் நடந்தனர். மாநாட்டுக்கு வந்த எளிய அலுவலரும் எழுத்தரும் நடந்தனர்.

1979இல், கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையின்போது, அது சுவரிலிருந்து கழற்றப்பட்டது. சிற்பிக்கு முன்னறிவிப்பு இல்லை. கழற்றிய துண்டுகள் கிடங்குக்குச் சென்றன. கையாண்ட முறையில் அவை சிதைந்தன. சில காணாமலே போயின. சிற்பியின் பெயர் பொறித்த துண்டும் காணாமற்போனவற்றுள் ஒன்று. சேகல் அதிகாரிகளுக்கு மடல்மேல் மடலாக எழுதினார். பயனில்லாமற் போகவே, 1992இல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார்.

வழக்கின் மையமான வினா எளியது. அரசு பணம் கொடுத்து வாங்கிவிட்டது, பொருள் அரசுடையது, தன் பொருளை வைத்துக்கொள்ளவும் கழற்றவும் உரிமையாளர்க்கு உரிமை இல்லையா? மேசை நாற்காலிக்கு இவ்வாதம் பொருந்தும். கலைப்படைப்புக்குப் பொருந்துமா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பை விற்ற பின்னும் படைப்பாளியிடம் தங்கும் சில உரிமைகளை ஏற்கிறது. படைப்பு தம்முடையதே என்று கூறிக்கொள்ளும் உரிமை ஒன்று. தம் நன்மதிப்புக்கு ஊறு விளையும்படி அதனைச் சிதைப்பதையும் உருக்குலைப்பதையும் தடுக்கும் உரிமை மற்றொன்று. 2005 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பில் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. படைப்பை அழிப்பது அதனைச் சிதைப்பதன் உச்சநிலையே என்று கொண்டது. அதனை நாட்டின் பண்பாட்டுச் செல்வத்தோடும் இணைத்துப் பார்த்தது. எஞ்சிய துண்டுகளைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. கழற்றிய ஆண்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே 26 ஆண்டுகள். தீர்ப்பு வந்த பின் சேகல் மூன்று ஆண்டுகூட வாழவில்லை; 2007இல் மறைந்தார்.

கலைஞருக்கு நீதி கிடைத்தது எனலாம். பொதுமக்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் பணத்தில் உருவான, அவர்கள் நாள்தோறும் கண்டு மகிழ்ந்த சுவர் அவர்களுக்குத் திரும்பவில்லை. அந்த வழக்கில் கலைஞர் ஒரு தரப்பு. அரசு மறு தரப்பு. காண்போர் எத்தரப்பிலும் இல்லை. சட்டம் தெளிவாக்கும் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும்: படைப்பைக் காட்சிக்கு வைக்கத் தவறுவது மட்டுமே படைப்பாளியின் உரிமையை மீறியதாகாது என்று 57ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆகவே சிதைக்காமல், பத்திரமாகக் கட்டிக் கிடங்கில் வைத்துவிட்டால் சட்டம் அதிகம் பேசாது. மக்கள் கண்ணுக்கு அது இல்லாமற்போனதுபோலத்தான்.

கட்டடக் கலையில் நிலைமை இன்னும் கடினம். 1972ஆம் ஆண்டு அனைத்துலகக் கண்காட்சிக்காகப் பிரகதி மைதானத்தில் எழுப்பப்பட்ட ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’, கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் சேர்ந்து உருவாக்கியது. உலகின் கவனத்தை ஈர்த்த கான்கிரீட் முப்பரிமாணச் சட்டக அமைப்பு அது. 2017 ஏப்ரலில் ஓரிரவில் இடிக்கப்பட்டது. ரேவால் தொடுத்த வழக்கில், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரியவரின் சொத்துரிமைக்கு எதிராகக் கட்டடக் கலைஞரின் உரிமை நிற்காது என்று அதே உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பொதுவிடக் கலையைக் காக்கும் பொறுப்பை நீதிமன்றத்திடம் மட்டும் விட்டுவிட இயலாது என்பது தெளிவாகும்.

சேகல் வழக்கின் நெடிய நிழலிலிருந்து வெளியே வந்து, சற்று மகிழ்ச்சியான இடம் ஒன்றுக்குச் செல்லலாம். தென் தில்லியில் லோதி குடியிருப்பு என்பது 1940களில் அரசு அலுவலர்க்காகக் கட்டப்பட்டது. ஆங்கிலேயர் கட்டிய கடைசிக் குடியிருப்புகளுள் ஒன்று. உயர்ந்த சுவர்கள், பெரிய வளைவு வாயில்கள், அகன்ற நடைபாதை, நிழல் மரங்கள். கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட தெருக்களின் சுவர்களில் 2015ஆம் ஆண்டின் இறுதி முதல் ஓவியர்கள் வரையத் தொடங்கினர். ஸ்டார்ட் இந்தியா என்னும் அறக்கட்டளை முன்னின்றது; மத்தியப் பொதுப்பணித் துறை இசைவளித்தது. இந்திய ஓவியரும் அயல்நாட்டு ஓவியரும் பங்கேற்க, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அங்கு உள்ளன.

அங்கே கலையைக் காண்பது எளிதாக இருப்பதற்குக் காரணம் ஓவியங்களின் சிறப்பு மட்டும் அன்று. நடைபாதை இருக்கிறது. நிழல் இருக்கிறது. நிற்பவரை விரட்டுவார் இல்லை. ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு நடந்தே போகலாம். களைத்தால் கடையில் தேநீர் கிடைக்கும். வீட்டு வாசலில் துணி உலர்த்தும் பெண்மணிக்கு அது தன் வீட்டுச் சுவர். வெளியூரிலிருந்து வந்தவர்க்கு அது கலைக்கூடம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். பொதுவிடக் கலைக்கு இதைவிட நல்ல சூழல் அமைவது கடினம். கியாரா மூர்த்திக்கு இல்லாதது லோதி குடியிருப்புக்குக் கிடைத்திருக்கிறது.

எனினும் சுவரோவியம் கற்சிலை அன்று. தில்லியின் மே மாத வெயிலும் ஜூலை மழையும் வண்ணத்தைத் தின்றுவிடும். மங்கிய சுவரில் மறுபடி வரைவதா, பழையதைப் புதுப்பிப்பதா என்ற வினா எழும். மறுபடி வரைவதில் தவறில்லை என்றே தோன்றுகிறது. கோலம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறப்பதைக் கண்டு வளர்ந்தவர்க்கு இது புரியும். ஆனால் எது கோலம், எது கல்வெட்டு என்ற வேறுபாட்டை நிர்வாகம் அறிந்திருக்க வேண்டும். விஞ்ஞான் பவனின் வெண்கலத்தைக் கோலம்போல் நடத்தியதுதான் பிழை.

கஸ்தூர்பா காந்தி சாலையில் 1992இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தையும் விட்டுவிடலாகாது. சார்லஸ் கொரியா வடிவமைத்த அதன் முகப்பில், ஹாவர்டு ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில ஓவியர் ஒரு பெரும் ஆலமரத்தின் நிழலைக் கறுப்பும் வெள்ளையுமாக விரித்திருக்கிறார். வெள்ளை, ராஜஸ்தானத்து மக்ரானா பளிங்கு. கறுப்பு, நம் வீட்டுச் சமையலறை மேடைகளில் காணும் கடப்பைக் கல். அதைக் காணக் கட்டடத்துள் நுழைய வேண்டியதில்லை. எதிர்ப்புற நடைபாதையில் நின்றாலே போதும். மாலை வெயில் சாயும்போது உண்மையான மர நிழலும் கல் நிழலும் ஒன்றோடொன்று கலந்து விளையாடும்.

படம் எடுப்போர் மிகுந்துள்ள காலம் இது. பொதுவிடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தைப் படமெடுக்கவும் அப்படத்தை வெளியிடவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரோவியத்துக்கு அப்பிரிவு அதே தெளிவுடன் இடம் தரவில்லை. ஆகவே லோதி குடியிருப்புச் சுவரைத் தம் வணிக விளம்பரத்துக்குப் பின்புலமாக்க எண்ணுவோர் ஓவியரின் இசைவைப் பெறுவதே நேர்மையும் அறிவுடைமையும் ஆகும்.

பொதுவிடக் கலையைக் காணத் தில்லிக்கு வருவோர்க்கும், தில்லியிலேயே வாழ்ந்தும் காணாதோர்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதுமானது. மெட்ரோ இரயிலில் படேல் சௌக் நிலையத்தில் இறங்கினால் பாராளுமன்றச் சாலை. ரிசர்வ் வங்கியின் வாயில் சிறிது தூரத்தில். பாதுகாப்புக் காரணங்களால் அருகே செல்ல இயலாது. வேலிக்கு வெளியே நின்று காணலாம். அலுவலக நெரிசல் இல்லாத அந்நேரத்தில் யட்சியின் முகத்தில் வெயில் படிவது தெரியும். அங்கிருந்து கடப்பைக் கல் ஆலமரத்துக்குச் சென்று, பின் லோதி குடியிருப்புக்குப் போனால் நண்பகலாகிவிடும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வோர், யட்சனின் கையில் இருப்பது என்ன என்று அவர்களையே கேட்கலாம். பெரும்பாலும் சைக்கிள் சக்கரம் என்பார்கள். அந்த விடையிலும் தவறில்லை.

போகும் வழியில் எந்தச் சிலையின் அடியில் சிற்பியின் பெயர் இருக்கிறது, எதில் இல்லை என்றும் குறித்துக்கொள்வது நலம். திறந்து வைத்தவர் பெயரும் நாளும் பொறித்த பலகை பெரும்பாலும் இருக்கும். உளி பிடித்தவர் பெயர் சில இடங்களில்தான் இருக்கும். அதைச் சேர்க்க ஒரு சிறு கல்லும் ஒரு நாள் கூலியும் போதும். எந்தத் திட்ட மதிப்பீட்டையும் அது குலைத்துவிடாது.